மகள் வீட்டு விருந்தாளி

சமாதானம் பேச வரச் சொன்னார்கள். நான் சண்டை போடத்தான் போனேன்.

என் மகள் கற்பிட்டிப் பக்கத்தில், களப்போரமாக இருக்கும் ஒரு பழைய தென்னந்தோட்டத்து வீட்டில் இருக்கிறாள். அவளோடு இன்னும் ஒன்பது பத்துப் பேர். எல்லாரும் படித்த பிள்ளைகள், கொழும்பில் வேலை பார்த்தவர்கள். ஆதி காலத்துத் துறவிகள் பாலைவனத்தில் வாழ்ந்த மாதிரி வாழப் போகிறோம் என்று வேலையை விட்டு வந்து, மணி அடித்தால் செபம், மணி அடித்தால் வேலை, மணி அடித்தால் மௌனம் என்று இருக்கிறார்கள். அந்த வார ஞாயிற்றுக்கிழமை அவள் சாகும்வரை அங்கேயே இருப்பதாக வாக்குக் கொடுக்கவிருந்தாள். அதற்கு முன் வீட்டாரோடு மனத்தாங்கல் எதுவும் மிச்சம் இருக்கக்கூடாதாம். இருந்தால் வாக்கை ஏற்கமாட்டார்களாம். அப்பா இல்லாத பிள்ளை, கூடப்பிறந்தவர்களும் இல்லை, வீட்டார் என்றால் நான் ஒருத்திதான். ஆக, குடுமி என் கையில் இருந்தது.

கன்னியாஸ்திரியாகப் போயிருந்தால் நான் இவ்வளவு எரிந்திருக்கமாட்டேன். தலவில் கோயிலில் அன்னம்மாளிடம் நேர்ந்து பெற்ற பிள்ளை. கொடுத்தவள் திருப்பிக் கேட்டால் கொடுக்கத்தானே வேண்டும். மடத்தில் சேர்ந்தால் தலைக்கு முக்காடு உண்டு, சிஸ்டர் என்ற மரியாதை உண்டு, சுவரில் மாட்ட ஒரு படமாவது உண்டு. இது எந்தக் கணக்கிலும் வராத துறவு. சிலாபத்தில் பூசை முடிந்து வெளியே வந்தால், மகள் இப்போது என்ன செய்கிறாள் என்று கேட்கிறவர்களுக்கு நான் என்ன சொல்ல? குளிக்கிற சவர்க்காரம் செய்கிறாள் என்று ஒருத்தியிடம் உள்ளதைச் சொன்னேன். "எந்த பெக்டரியில?" என்று கேட்டாள். உலகத்தைத் துறந்தவர்கள் அந்தச் சவர்க்காரத்தை பேஸ்புக்கில் படம் போட்டு விற்கிறார்கள் என்பதை நான் சொல்லவில்லை. எங்கள் பங்குச் சுவாமியிடம் போய் முறையிட்டேன். "நல்ல பிள்ளைகள்தான். ஆனா அவங்கள என்ன பேர் சொல்லிக் கூப்பிடுறதெண்டு எனக்கும் விளங்கல்ல" என்றார். அவரோடும் கோபித்துக்கொண்டு வந்தேன்.

நான் தபாற் கந்தோரில் முத்திரை விற்றுப் படிப்பித்த பிள்ளை இவள். என் அப்பா கடலுக்குப் போனவர். ஒரு சட்டி, ஒரு பாய், வெறும் தரை என்று நாங்கள் வளர்ந்தபோது அதை யாரும் தவம் என்று சொல்லவில்லை. இல்லாத குடும்பம் என்றுதான் சொன்னார்கள். அதிலிருந்து ஒரு கட்டில் வரைக்கும் வந்து சேர எனக்கு என் இளமை முழுக்கப் போயிற்று. இவள் ஒரே பஸ்ஸில் திரும்பிப் போய் அந்தப் பாயில் படுத்துக்கொண்டு, அதற்கு அழகான ஒரு பெயரும் வைத்திருக்கிறாள்.

பாலாவிச் சந்தியில் பஸ் மாறிப் போய் இறங்கி த்ரீவீல் பிடித்தேன். ஓட்டியவர் முஸ்லிம் மனிதர். தொண்ணூறில் மன்னாரிலிருந்து விரட்டப்பட்டு, உடுத்த உடுப்போடு வந்த குடும்பமாம். இடத்தைச் சொன்னதும், "ஓம், அந்த மணி அடிக்கிற ஊடு" என்றார். "நாங்க அஞ்சு நேரம் தொழுறம். அவங்க ஏழு நேரமாம். நல்ல விசயந்தான்." கொஞ்சத் தூரம் போன பிறகு, "ஆனா உம்மாவ அழவெச்சிட்டுத் தொழுதா அல்லாஹ் அத ஏத்துக் கபூல் செய்வானோ தெரியா" என்றார்.

"நான் அழயில்ல. கோபத்தில இருக்கிறன்" என்றேன்.

"ரெண்டும் ஒண்டுதான்" என்றார்.

வாசலில் மகள் நின்றாள். சாம்பல் நிறச் சட்டை, காதுவரை வெட்டிய தலைமயிர். ஓடி வந்து கட்டிப்பிடிப்பாள் என்று நினைத்தேன். வாளியோடு வந்தாள். என்னைக் கதிரையில் இருத்தி, செருப்பைக் கழற்றி, என் கால்களைக் கழுவித் துடைத்தாள். வருகிற விருந்தாளி கிறிஸ்துவாம், அது அவர்களுடைய ஒழுங்கு. "மெலிஞ்சு போயிட்டாய் மகள்" என்றேன். அவள் நிமிர்ந்து மெதுவாகப் புன்னகைத்தாள். வங்கியில் நகை அடகு வைக்கப் போனால் அங்கே இருக்கிற பெண் அப்படிப் புன்னகைப்பாள். எங்கள் வீட்டில் நானும் இவளும் சண்டை பிடித்துத்தான் பேசுவோம். காலையில் தொடங்கினால் அவள் பஸ் ஏறும்வரை போகும், மாலையில் விட்ட இடத்தில் தொடங்கும். அப்படிப்பட்டவள் என் பாதத்தைத் துவாயில் ஒற்றிக்கொண்டிருந்தாள். எனக்கு வாளியை உதைக்க வேண்டும் போல இருந்தது.

மூத்த சகோதரர் என்று அவர்கள் சொல்லும் மனிதர் நீர்கொழும்புப் பக்கத்துச் சிங்களவர், எஞ்சினியராக இருந்தவர். பாடப்புத்தகத்தில் படித்த தமிழில் பேசினார். "அம்மா, தாங்கள் எங்கள் விருந்தாளி. தாங்கள் ஒரு வேலையும் செய்தல் ஆகாது." நான் கொண்டுபோன மாசிக் கருவாட்டையும் வீட்டில் இடித்த கறித்தூளையும் வாங்கி, பொது அலுமாரியில் வைத்துப் பூட்டினார். விருந்தும் மருந்தும் மூன்று நாள் என்பார்கள். எனக்கு முதல் மணித்தியாலத்திலேயே போதும் என்றாகிவிட்டது.

மத்தியானச் சாப்பாட்டில் யாரும் பேசக்கூடாது. ஒருவர் மட்டும் நின்று புத்தகம் வாசிப்பார். எதையும் கேட்கவும் கூடாது, பக்கத்தில் இருப்பவர் உன் தேவையை அறிந்து தருவாராம். பருப்பில் உப்பில்லை. உப்புக்கு நான் விரலால் சைகை காட்டினேன். பக்கத்துப் பையன் மிகுந்த அன்போடு தண்ணீர் ஊற்றினான். மறுபடி காட்டினேன். வாழைப்பழம் வந்தது. முப்பது வருடம் கவுண்டருக்குப் பின்னால் இருந்து வரிசையை அதட்டியவள் நான், அன்று உப்பில்லாத பருப்பை விழுங்கினேன். சாப்பிட்டு எழுந்ததும் மகளைப் பிடித்து ஒதுக்குப்புறமாக நிறுத்தி, "ஞாயிற்றுக்கிழமை விசயம் கதைக்கோணும்" என்றேன். மணி அடித்தது. செபம் முடிந்து வந்ததும், "நீ சின்னப்பிள்ளையில்ல..." என்று தொடங்கினேன். மணி அடித்தது. அந்த மணியைக் கழற்றிக் களப்பில் எறிந்தால் என்ன என்று நினைத்தது உண்மை.

பின்னேரம் மீன் வாசம் வந்தது. அன்று சமைக்கிற முறை மகளுடையது. விருந்தாளி குசினிக்குள் போகக்கூடாது என்று தெரிந்துதான் போனேன். சூடை மீனைச் சட்டியில் போட்டு, கொறுக்காய்ப் புளியை மேலே சும்மா தூவிவிட்டு, தண்ணீரை அளவில்லாமல் ஊற்றி வைத்திருந்தாள். அவள் புன்னகையோடு வாசலைக் காட்டினாள். நான் அகப்பையை எடுத்தேன். அவள் மறுபடியும் வாசலைக் காட்டினாள். நான் சட்டியைச் சாய்த்துப் பாதித் தண்ணீரைக் கொட்டினேன்.

"விடுங்கம்மா" என்று கத்தினாள். "எங்க போனாலும் உங்கட கைதான் மேல நிக்கோணும். ஒரு சட்டி மீனாவது நான் பிழையா ஆக்க விடுங்க."

அந்தச் சொல் சுட்டது. ஆனால் சூட்டைவிட சந்தோஷம்தான் பெரிதாக வந்தது. என் மகள் உள்ளே உயிரோடு இருக்கிறாள்.

"பிழையா ஆக்கிறதுக்கா கெம்பஸ் போனனீ?" என்றேன்.

"கெம்பஸ் போனது உங்களுக்காக. வேலைக்குப் போனதும் உங்களுக்காக. நீங்க பார்த்த மாப்பிள்ளை ஒவ்வொருத்தனுக்கும் தேத்தண்ணி ஊத்தினதும் உங்களுக்காக."

"எனக்கு வயசு போனா ஆர் ஊத்துவாங்க தேத்தண்ணி? இந்தச் சவர்க்காரக் கோஷ்டியா?"

"அம்மா, நான் உங்கள விட்டுட்டு வந்தது..."

மணி அடித்தது. அவள் வாய் மூடிக்கொண்டது. பாதி வசனத்தில், கண்ணில் தண்ணீர் நிற்க, கைகளைக் கட்டிக்கொண்டு செபத்துக்குப் போய்விட்டாள். நான் அகப்பையோடு நின்றேன். ஏன் விட்டுவிட்டு வந்தாள்? அந்த மிச்ச வசனத்துக்காகத்தான் நான் பஸ் ஏறி வந்தேன். அது அவள் தொண்டையில் இருந்தது, யாரோ ஒருவன் கயிற்றை இழுத்துவிட்டான்.

இருட்டுவதற்கு முன் அவர்கள் கூடத்தில் வட்டமாக இருந்து அன்றைய குற்றங்களைச் சொல்வார்கள். பிறர் குற்றத்தைச் சொல்லக்கூடாது, தன்னுடையதை மட்டும். யாருக்குக் குற்றம் செய்தார்களோ அவர் முன்னால் முழங்காலில் நிற்க, அவர் "எழும்புங்க" என்றால் மன்னித்ததாகக் கணக்கு. எனக்கு உப்புக்குப் பதில் தண்ணீர் தந்த பையன் எதற்கோ ஒருவர் முன் முழங்காலிட்டான், எழும்பினான். நான் மகளைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். அவள் முறை வந்தது. அந்த வசனத்தை முடிக்கப் போகிறாள் என்று காதைத் தீட்டிக்கொண்டேன்.

"இன்று குசினியில் ஒரு விருந்தாளியிடம் சத்தம் போட்டேன்" என்றாள்.

அம்மாவிடம் என்று சொல்லியிருக்கலாம். அந்தச் சொல் அவ்வளவு பாரமா? பிறகு வந்து என் முன்னால் முழங்காலிட்டாள். நான் வாயைத் திறக்கவில்லை. நான் அந்த ஒரு சொல்லைச் சொல்லாமல் விட்டால் ஞாயிற்றுக்கிழமை இல்லை, வாக்கு இல்லை, மகள் வீட்டுக்கு வரலாம். அது எனக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும், கூடத்தில் இருந்த எல்லாருக்கும் தெரியும். மூத்தவர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் கைகளைக் கட்டிக்கொண்டு, மணலில் ஊன்றிய கம்பு மாதிரி இருந்தேன். அவள் குனிந்தபடியே நின்றாள். வலது கால் நடுங்கத் தொடங்கியது. பள்ளிக்கூட நாளில் சைக்கிளில் விழுந்து தைத்த முழங்கால் அது.

"அம்மா, முழங்கால் நோகுது" என்றாள், எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி.

"எழும்பு மகள், எழும்பு" என்று அவள் கையைப் பிடித்துத் தூக்கிவிட்டேன்.

தூக்கிய பிறகுதான் என்ன சொன்னேன் என்பது எனக்கே உறைத்தது. கூடமே பெருமூச்சு விட்டது. ஒரு பெண் கண்ணைத் துடைத்தாள். நான் முழங்காலுக்குத்தான் சொன்னேன், மன்னிப்பு இல்லை, என்று விளக்குவதற்காக மூத்தவர் பக்கம் திரும்பினேன். அவர் ஏற்கெனவே மணியை அடித்துவிட்டார். அதற்குப் பிறகு காலைவரை அந்த வீட்டில் யாரும் பேசக்கூடாது.

ஞாயிற்றுக்கிழமை அவள் வாக்குக் கொடுத்தாள். நான் இன்னும் மன்னிக்கவில்லை.