சுகந்தி பிடித்த விரதங்கள்

இந்த ஊரில் வீடு கேட்டுப் போனால், பெயரைக் கேட்பதற்கு முன் என்ன சாப்பிடுவீர்கள் என்று கேட்கிறார்கள். யாழ்ப்பாணத்தில் எங்கள் வீட்டுப் பின் அறையை நாங்களும் வாடகைக்கு விட்டிருந்தோம். வந்தவர் சுறாவைத் தின்றாரா, சுண்டலைத் தின்றாரா என்று என் தகப்பன் ஒருநாளும் விசாரித்ததில்லை. சென்னைக்கு வந்த புதிதில் அசோக் நகரில் இரண்டு வீடு, தி. நகரில் மூன்று வீடு பார்த்தேன். முதலில் சாப்பாட்டுக் கேள்வி, பேச்சைக் கேட்டதும் “சிலோனா?” என்று அடுத்த கேள்வி, அதற்குப் பிறகு கதவு. சிலோன்காரி என்பதை மறைக்க வழியில்லை, வாயைத் திறந்தால் தெரிந்துவிடும். மீனை மறைக்கலாம். ஆறாவது வீடு மயிலாப்பூரில், தெற்கு மாட வீதிக்குப் பின்னால் ஒரு சந்தில் மாடி அறை. கீழே குடியிருந்த வீட்டுச் சொந்தக்காரி மரகதம் மாமியிடம், நாங்கள் பரம்பரைச் சைவம், முட்டைகூடத் தொடமாட்டோம் என்று துணிந்து சொன்னேன். பக்கத்தில் நின்ற என் மகள் சுகந்தி என்னைத் திரும்பிப் பார்த்தாள். அவளுக்கு அப்போது பதினைந்து வயது. மீன் முள்ளைச் சூப்பி முடிக்காமல் சாப்பாட்டை விட்டு எழும்பாத பிள்ளை. அறைக்குள் வந்ததும், “அப்பாட்டைப் போகும்வரைக்கும் வாயைக் கட்டு” என்று அவளுக்குச் சொன்னேன். சொன்னது நான்தான். அதை விட்டுவிட்டு மற்றதை எழுதுவதில் பயனில்லை.

அவளுடைய அப்பா கனடாவில் இருக்கிறார். ஸ்பொன்சர் போட்டு எங்களைக் கூப்பிட முயன்றுகொண்டிருந்தார். நாங்கள் மாதம் ஒருமுறை போலீஸ் ஸ்டேஷனில் கையெழுத்து வைத்துவிட்டு, தபால்காரரைப் பார்த்தபடி இருந்தோம். சிலோன் பிள்ளைக்கு இடமில்லை என்று பள்ளிக்கூடத்தில் சொல்லிவிட்டார்கள். காலையில் டைப்ரைட்டிங் படிக்கப் போனால் ஒரு மணி நேரத்தில் திரும்பிவிடுவாள். மிச்ச நாள் முழுவதும் ஜன்னல்தான். ஊரில் அவளுக்கு எத்தனை சிநேகிதிகள், எவ்வளவு வாயாட்டம்! இங்கே பேசினால் பிள்ளைகள் சிரிக்கிறார்கள் என்று பேச்சைக் குறைத்துக்கொண்டாள். குறைந்தது பேச்சு மட்டும் என்று நினைத்திருந்தேன்.

விசா கிடைக்கவேண்டும் என்று நேர்த்தி வைத்து முதலில் வெள்ளிக்கிழமை விரதம் பிடித்தாள். எங்கள் ஊரில் யார்தான் பிடிக்கவில்லை? பிறகு பிறப்புச் சான்றிதழ் சரியில்லை என்று கடிதம் வந்தது, திங்களும் பிடித்தாள். நேர்முகத்தைத் தள்ளிவைத்தார்கள், சனி சேர்ந்தது. வியாழன் எப்போது சேர்ந்தது என்று எனக்குத் தெரியாது. விரதமில்லாத நாட்களிலும் தட்டில் சோற்றைப் பரப்பி வைத்துவிட்டு, “சாப்பிட்டனான் அம்மா” என்பாள். டெலிபோன் பூத்திலிருந்து அவளுடைய அப்பாவுக்குச் சொன்னேன். பிள்ளையின் விரதத்தால்தான் ஃபைல் நகருகிறது என்று அவரும் அங்கேயிருந்து உருகினார். நாங்கள் இரண்டு பேரும் அவள் பட்டினியை ஃபைலுக்கு எண்ணெயாக ஊற்றிக்கொண்டிருந்தோம்.

மரகதம் மாமிக்கு அவள்மேல் கொள்ளைப் பிரியம். எங்களைச் சந்தேகமாகப் பார்த்த அந்தச் சந்து முழுவதும் சுகந்தியால்தான் எங்களோடு பேசத் தொடங்கியது. நவராத்திரிக்கு வந்த பெண்களிடம் அவளை முன்னே நிறுத்தி, “இந்தாத்துல வெள்ளிக்கிழமைன்னா ஒரு களை வந்துடுத்து, இந்தப் பொண்ணாலதான். நம்மாத்துக் குழந்தைகளைச் சொல்லுங்கோ, பஜ்ஜி கேட்டுண்டு நிக்கறதுகள்” என்றார் மாமி. பெருமையில் எனக்குத் தலைகால் புரியவில்லை. வீட்டை விட்டுப் போகச் சொல்லமாட்டார்கள் என்ற நிம்மதியும் அதில் இருந்தது. சுகந்தியின் பாவாடை நாடா ஒரு சுற்றுக் கூடுதலாகச் சுற்றியிருந்ததை அன்றைக்குக் கண்டேன். கண்டும், வளருகிற பிள்ளை மெலியத்தான் செய்யும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

இதையும் எழுதிவிடுகிறேன், வெட்கப்பட்டு என்ன செய்ய. மாமி வீட்டில் மாதத்தில் மூன்று நாள் கிணற்றடிக்கு வரக்கூடாது. இரண்டு பொம்பிளைகள் உள்ள எங்களுக்கு அது பெரிய தொல்லை. சுகந்திக்கு ஒரு மாதம் வரவில்லை, மறு மாதமும் வரவில்லை. ஐந்து மாதம் வரவில்லை. நான் மருத்துவரிடம் கூட்டிப் போனேனா? தொல்லை விட்டது என்று ஆறுதல்பட்டேன். என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

கடைசியில் விசாவுக்கு மருத்துவப் பரிசோதனை செய்யச் சொல்லி கடிதம் வந்தது. 29சி பஸ் பிடித்து அடையாறு போனோம். அங்கிருந்த டாக்டர் அம்மா சுகந்தியைத் தராசில் ஏற்றினார், இறக்கினார், மறுபடியும் ஏற்றினார். இவள் என்ன சாப்பிடுகிறாள் என்று என்னிடம் கேட்டார். நான் விரதங்களை ஒவ்வொன்றாக, சான்றிதழை நீட்டுவதுபோல, சொன்னேன்.

“இது விரதம் இல்லம்மா. உங்க பொண்ணு பட்டினி கிடக்கறா.”

சோற்றுக்கு வழியில்லாத அகதி என்று நினைத்துச் சொல்கிறார் என்று எனக்குக் கோபம் வந்துவிட்டது. எங்களுக்குச் சாப்பாட்டுக்கு ஒரு குறையும் இல்லை, அவர் கனடாவிலிருந்து அனுப்புகிறார் என்று வெடுக்கென்று சொன்னேன். டாக்டர் அம்மா பேனாவை எடுத்துச் சீட்டு எழுதினார். இன்றைக்கே ஆஸ்பத்திரியில் சேருங்கள், இதயம் பலவீனமாக இருக்கிறது, இது மனதில் உள்ள நோயும்கூட என்றார். மனநோய் என்று எழுதினால் விசா போய்விடும் என்பது மட்டும்தான் என் காதில் விழுந்தது. வீட்டில் வைத்து ஊட்டிக்கொள்கிறேன் என்று சொல்லிக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டேன். ஒரு கிழமை, முழுதாக ஏழு நாள். அந்த ஒரு கிழமையைத்தான் இப்போதும் எண்ணிக்கொண்டிருக்கிறேன். எட்டாம் நாள் காலையில் மாடிப்படியில் மயங்கி விழுந்தாள். மாமிதான் ஆட்டோ பிடித்துவந்தார்.

ஆஸ்பத்திரியில் சேர்த்த இரண்டாம் நாள் கஞ்சியோடு நான் கெஞ்சிக்கொண்டிருந்தபோது என் கையைப் பிடித்து நிறுத்தினாள்.

“சாப்பிட்டா விசா நிண்டு போகுமோ அம்மா? இன்னும் கொஞ்ச நாள் பிடிக்கிறன்.”

அன்றைக்குத்தான் எனக்குப் புரிந்தது. நாங்கள் இரண்டு பேரும் அப்பாவிடம் போய்ச் சேரும் பொறுப்பை அந்தப் பிள்ளை தன் வயிற்றில் சுமந்துகொண்டிருந்திருக்கிறது. நாங்களும் சுமக்க விட்டிருந்தோம்.

மறுநாள் விடிய நொச்சிக்குப்பம் போய் விளைமீன் வாங்கிவந்தேன். மாமி வீட்டு மாடியில், கதவைத் திறந்து வைத்துக்கொண்டே, தேங்காய்ப்பால் விட்டுக் குழம்பு வைத்தேன். மணம் சந்து முழுக்கப் போயிருக்கும். மாமி கீழே நின்று என்னைப் பார்த்துவிட்டு, தன் வீட்டுக் கதவைச் சாத்தாமலே உள்ளே போனார். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய், டாக்டரிடம் கேட்டு, ஒரு சிறு துண்டை முள் எடுத்துச் சுகந்தியின் வாயில் வைத்தேன். கண்ணை மூடிக்கொண்டு வெகுநேரம் வாயிலேயே வைத்திருந்தாள். பிறகு மெல்ல என் உள்ளங்கையில் துப்பிவிட்டாள். “ஏலாது அம்மா” என்றாள். அவள் பிடிவாதம் பிடிக்கவில்லை. உண்மையிலேயே அவளால் முடியவில்லை. நான்காம் நாள் பின்னேரம் இதயம் நின்றுவிட்டது.

எட்டாம் நாள் சடங்கான எட்டுச் செலவு முடிந்தபின் மாமி மாடிக்கு வந்து உட்கார்ந்தார். “மீன்தானே. அன்னிக்கே சொல்லியிருக்கப்படாதா?” என்றார். சொல்லியிருந்தால் வீடு தந்திருக்கமாட்டார். அது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். இரண்டு பேரும் அழுதோம்.

ஊரில் இருப்பவர்களுக்கும், கொழும்பிலும் இந்தச் சென்னையிலும் விசாவுக்குக் காத்திருப்பவர்களுக்கும்தான் இதை எழுதுகிறேன். பிள்ளை குழப்படி இல்லாமல் இருக்கிறாள், சாமி பிள்ளை, தொந்தரவே இல்லை என்று யாராவது புகழ்ந்தால், அன்றைக்கு அவள் தட்டைப் பாருங்கோ. டாக்டரிடம் போக வெட்கப்படாதீர்கள். எழுதுகிறேனே தவிர, யாராவது கேட்பீர்களோ என்று தெரியாது. நான் யார் சொல்லியும் கேட்டிருக்கமாட்டேன்.

விசா வந்துவிட்டது. எனக்கு மட்டும். நாட்டைவிட்டுப் போக போலீஸ் அனுமதி வேண்டும் என்று இன்று காலை ஸ்டேஷனுக்குப் போனேன். மூன்று மாதமாக அங்கே, பிள்ளைக்குச் சுகமில்லை என்று சொல்லித்தான் கையெழுத்து வைத்துவந்தேன். செத்துவிட்டாள் என்ற சொல் வாயில் வரவில்லை. கான்ஸ்டபிள் பதிவேட்டைத் திறந்து அடிமட்டத்தையும் சிவப்புப் பேனாவையும் எடுத்தார். ரெண்டு பேரையும் அடிச்சிடட்டுமா என்று கேட்டார்.

“என்ர பேரை மட்டும் அடியுங்கோ. பிள்ளை இங்கதான் இருக்கிறா” என்றேன்.

அவர் பேனாவை நிறுத்திவிட்டு நிமிர்ந்தார். “இன்னாம்மா சொல்ற? வயசுப் பொண்ண தனியா வுட்டுட்டா போற?”

“ஓம்” என்றேன்.

அவர் என்னை வெறுப்போடு பார்த்தார். பிறகு அடிமட்டத்தை வைத்து என் பெயரின் மேல் கோடு போட்டார். அதற்குக் கீழே சுகந்தி, வயது பதினாறு, மயிலாப்பூர் என்று எழுதியிருந்தது.