பாலத்தில் மட்டும் வலித்த பல்

முதல் நாள் அது வந்தபோது நான் பாலத்துப் படியில் பாதி ஏறியிருந்தேன். சானடோரியம் ஸ்டேஷனில் காலை ரயில் நின்றதும் இறங்குகிற கூட்டத்தில் முக்கால்வாசி எக்ஸ்போர்ட் கம்பெனிப் பெண்கள்தான். நேரத்துக்குள் போய் மிஷினில் விரல் வைக்காவிட்டால் சூப்பர்வைசர் வாயில் விழவேண்டும், அதனால் எல்லாரும் ஓட்டமும் நடையுமாக ஏறுவோம். படி இரண்டாவது முறை திரும்புகிற இடத்தில், இடது பக்கம், கீழ்த்தாடையில் கடைசிக்கு முந்தின பல்லில் யாரோ கட்டைவிரலை வைத்து அழுத்துவது போல இருந்தது. கைப்பிடிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். பின்னால் வந்தவர்கள் முணுமுணுத்துக்கொண்டே விலகிப் போனார்கள். இரண்டு நிமிடம் இருக்கும். விரலை எடுத்தது போல வலி போய்விட்டது.

அது என் உயிரை எடுக்க வந்த வலி. அது தெரியாமல் ஐந்து வாரம் அதற்குப் பல்வலி என்று பெயர் வைத்து, உப்புத் தண்ணீரும் மாத்திரையுமாகத் திரிந்தேன். இதை இப்போதே சொல்லிவிடுகிறேன். கடைசி வரை மூடி மூடி வைத்துக் கதை சொல்ல எனக்குப் பொறுமை கிடையாது.

எனக்கு வேலை செக்கிங் பிரிவில். தைத்து வருகிற சட்டையை டியூப்லைட்டுக்கு நேரே பிடித்து, விட்டுப்போன தையல், கோணல் காலர், எண்ணெய்க் கறை எல்லாம் பார்த்துச் சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டவேண்டும். இருபது வருடமாகக் குற்றம் கண்டுபிடித்தே சாப்பிடுகிறேன். வீட்டிலும் அதே வாய்தான் என்பது என் வீட்டுக்காரரின் புகார். பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவர், காலையில் நாற்பது பிள்ளைகளின் கூச்சலைக் கேட்டுவிட்டு வந்து என்னையும் கேட்கவேண்டுமா என்பார்.

மறுநாளும் அதே இடத்தில் வலித்தது. அதற்கடுத்த நாளும். பல்வலி எனக்குப் புதிதல்ல. முன்பு ஒரு சொத்தைப் பல் என்னைப் பாடாய்ப் படுத்தியிருக்கிறது. ஜில்லென்று தண்ணீர் பட்டால் சுரீர் என்று உச்சிக்கு ஏறும். படுத்தால் கூடும். அந்தப் பக்கம் சோற்றுப் பருக்கை பட்டாலே கண்ணில் தண்ணீர் வரும். இது அப்படி எதுவும் செய்யவில்லை. வேண்டுமென்றே இடது பக்கத்தில் முறுக்கைக் கடித்துப் பார்த்தேன். ஐஸ் வாட்டரைக் கொப்பளித்தேன். ஒன்றுமில்லை. ஞாயிற்றுக்கிழமை முழுவதும் அது இருக்கிற சுவடே இல்லை. திங்கட்கிழமை காலை அந்தத் திருப்பத்தில் எனக்காகக் காத்திருந்தது.

பம்மல் மெயின் ரோட்டில் ஒரு மாடியில் பல் கிளினிக் இருக்கிறது. படி ஏறும்போது லேசாக வலித்தது. மேலே போய் நாற்காலியில் உட்கார்ந்து டோக்கன் வருவதற்குள் போய்விட்டது. பல் டாக்டர் வாசலை மிதித்தாலே வலி ஓடிவிடும் என்று எல்லாரும் சொல்வதுதானே என்று சிரித்துக்கொண்டேன். டாக்டர் சின்னப் பெண். கம்பியால் ஒவ்வொரு பல்லையும் தட்டினாள், காற்று அடித்துப் பார்த்தாள், எக்ஸ்ரே எடுத்தாள்.

"பல்லு எல்லாம் நல்லா இருக்கு ஆன்ட்டி. எங்க வலிக்குதுன்னு ஒரு விரலால காட்டுங்க."

காட்டினேன்.

"பாருங்க, முழுக் கையையும் வைக்கிறீங்க. பல்லு வலின்னா கரெக்டா ஒரு பல்லைத் தொட்டுக் காட்டுவாங்க. அடுத்த தடவை வலிக்கும்போதே வாங்க, பார்த்துடலாம்."

ஆன்ட்டி என்றது பாதி கோபம், இல்லாத வலியைச் சொல்லிக்கொண்டு வந்தவள் மாதிரி பார்த்தது மீதி கோபம். குற்றத்தைக் கண்டுபிடிக்கத் தெரியாதவள் செக்கிங்கில் உட்கார்ந்தால் இப்படித்தான் என்று நினைத்துக்கொண்டு இறங்கினேன்.

பாலத்தின் அடியில், ஸ்டேஷன் பக்கத்தில், ஒருத்தி பூக் கட்டி விற்பாள். நான் பூ வாங்குவது அபூர்வம். ஆனால் தினமும் பார்க்கிற முகம். அவள்தான் ஒரு காலை கேட்டாள்.

"இன்னாக்கா, டெய்லி அந்தத் திருப்பத்துல நின்னுட்டு நின்னுட்டுப் போற?"

"பல்லு வலி. அங்க வந்தா மட்டும் வலிக்குது."

அவள் கையில் நார் அப்படியே நின்றது. "இந்தக் கன்னமா?" என்று தன் இடது கன்னத்தைத் தொட்டுக் காட்டினாள்.

"ஆமா. ஏன்?"

"ஒண்ணுமில்லக்கா. நீ போ, லேட்டாவுது."

அப்படிச் சொன்னால் யாருக்கு வேலை ஓடும்? சாயங்காலம் அவள் முன்னால் போய் நின்றுகொண்டேன். சொல்ல மாட்டேன் என்று கொஞ்ச நேரம் முரண்டு பிடித்துவிட்டுச் சொன்னாள். போன வருஷம் மழைக்கு முன்னால், ஆபீஸ் பை வைத்திருந்த ஒரு மனிதர் அந்தத் திருப்பத்தில் உட்கார்ந்திருக்கிறார். இடது கன்னத்தில் கை வைத்துக்கொண்டு.

"உக்காந்தமேனிக்கே பூட்டாருக்கா. ஜனம் தாண்டித் தாண்டிப் போய்கினு இருந்துச்சு, தூங்குறாருன்னு. நான் வெள்ளிக்கெயம மேல போய் ஒரு மொயம் பூ வச்சு கற்பூரம் ஏத்திட்டு வருவேன். அவரு உன்னப் புடிச்சிகினாரு. நீ வேற வழியா போ."

நான் ஞாயிறு தவறாமல் சர்ச்சுக்குப் போகிறவள். பேய், காத்து, கறுப்பு எல்லாம் மற்றவர்களுக்குத்தான் என்று அவளிடம் சிரித்துவிட்டு வந்தேன். மறுநாள் அந்தத் திருப்பத்துக்கு வந்ததும் சிரிப்பு வரவில்லை. விரல் அழுத்த ஆரம்பித்தது. கண்ணை மூடிக்கொண்டு, சர்ச்சில் எல்லாரும் எழுந்து நின்று சொல்கிற விசுவாசப் பிரமாணத்தைச் சொன்னேன். அவசரமில்லாமல், ஒவ்வொரு வரியாக. ஆமென் சொல்லி முடிக்கும்போது வலி இல்லை. அதற்கடுத்த நாளும் சொன்னேன், போனது. அதோடு என் சிரிப்பு ஒரேயடியாகப் போனது. ஜெபத்துக்கு ஓடுகிறது என்றால் அது பல்வலியே இல்லை என்று ஆகிறதல்லவா? நின்றதால்தான் போனது என்று ஒரு நாளும் தோன்றவில்லை. எத்தனையோ சட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்க்கிற கண் அதை மட்டும் பார்க்கவில்லை.

இன்னொரு பக்கம் என் புத்தி, இதெல்லாம் பைத்தியக்காரத்தனம், பல்லைப் பிடுங்கி எறி, விஷயம் முடிந்தது என்றது. வேறொரு பல் டாக்டரிடம் போனேன். அந்தப் பல்லைக் காட்டி, எடுத்தே தீரவேண்டும் என்று அடம்பிடித்தேன். அவரும் இரண்டு தடவை கேட்டுவிட்டு எடுத்துவிட்டார். கையில் வாங்கி விளக்குக்கு நேரே பிடித்துப் பார்த்தேன். வெள்ளை வெளேர் என்று, ஒரு புள்ளி இல்லை, ஒரு விரிசல் இல்லை. பஞ்சைக் கடித்துக்கொண்டு அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். ஒரு குற்றமும் இல்லாததைப் பிடுங்கிவிட்டேன்.

நாலு நாள் லீவு. வீட்டில் சும்மா கிடந்தேன், வலியே இல்லை. ஐந்தாம் நாள் பாலம். முதல் திருப்பம் தாண்டினேன். இரண்டாவது திருப்பத்தில் அதே இடத்தில், அதே பல் வலித்தது. நாக்கை வைத்துப் பார்த்தேன். அங்கே பல் இல்லை. மெத்தென்று சதைதான் இருந்தது. இல்லாத பல்லை அந்தக் கட்டைவிரல் அழுத்திக்கொண்டிருந்தது. அன்றைக்கு நான் பயந்த மாதிரி என் வாழ்க்கையில் பயந்ததில்லை. இன்னும் மேலே ஏறாமல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, "என்னங்க வேணும் உங்களுக்கு?" என்று வாய்விட்டுக் கேட்டேன். பக்கத்தில் ஏறிய காலேஜ் பெண் காதிலிருந்து இயர்போனை எடுத்து, "என்னக் கூப்பிட்டீங்களா அக்கா?" என்றது.

அந்த வாரம் அது பாலத்தோடு நிற்கவில்லை. நாங்கள் இருப்பது இரண்டாவது மாடி. கீழே லாரித் தண்ணீர் பிடித்துக் குடத்தை இடுப்பில் வைத்து ஏறும்போது, எங்கள் வீட்டுப் படியிலேயே வலித்தது. வீடு வரைக்கும் வந்துவிட்டார் என்று நினைத்தேன். குடத்தை இறக்கி வைத்து அங்கேயே பிரமாணம் சொன்னேன். வீட்டுக்காரரிடம் சொல்லவில்லை. பிடுங்கின பல் வலிக்கிறது என்று எந்த வாயால் சொல்வது?

கடைசியில் அந்தச் சின்னப் பெண்ணிடமே போனேன், வெட்கத்தை விட்டு. கிளினிக் படியில் பாதியில் வலி வந்தது. இந்தத் தடவை கனமாக, கழுத்து வரைக்கும், வியர்வையோடு. சுவரில் சாய்ந்து பிரமாணத்தைத் தொடங்கினேன். கீழேயிருந்து கையில் ஹெல்மெட்டோடு டாக்டரே ஏறி வந்தாள்.

"ஆன்ட்டி, இப்போ வலிக்குதா?"

தலையாட்டினேன்.

"பேசாதீங்க. படியிலேயே உட்காருங்க." மணிக்கட்டில் நாடி பிடித்துப் பார்த்தாள். என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். கொஞ்ச நேரத்தில் வலி குறைந்தது. "போயிடுச்சா? ஏறினா வருது, நின்னா போகுது, அப்படித்தானே?"

"உனக்கு எப்படித் தெரியும்?"

"ஆன்ட்டி, உங்க பல்லு வலிக்கல. ஹார்ட்."

அவளே ஆட்டோ பிடித்து உட்காரவைத்து, என் வீட்டுக்காரருக்குப் போன் போட்டு, ஆஸ்பத்திரி வரைக்கும் கூடவே வந்தாள். இரண்டு இடத்தில் அடைப்பு. இன்னும் ஒரு வாரம் அந்தப் பாலத்தில் ஓடியிருந்தால் தாங்கியிருக்காது என்று அங்கே சொன்னார்கள். பெண்களுக்கு நெஞ்சு வலிக்காமலே தாடையில் வரலாமாம், ஆண்களுக்கும் வருவதுண்டாம். இதயத்திலிருந்து வருகிற நரம்பும் தாடையிலிருந்து வருகிற நரம்பும் மேலே போகிற வழியில் ஒன்றாகக் கலக்கின்றன, மூளை முகவரியை மாற்றிப் படித்துவிடுகிறது என்று பெரிய டாக்டர் விளக்கினார். எனக்குப் புரிந்தது. எங்கள் தெருவில் பன்னிரண்டாம் நம்பர் வீடு இரண்டு உண்டு, எங்கள் சிலிண்டர் எப்போதும் அந்த வீட்டுக்குத்தான் போகும்.

ஸ்டென்ட் வைத்து இரண்டு மாதம் ஓய்வு எடுத்துவிட்டு வேலைக்குத் திரும்பினேன். பாலத்தில் மெதுவாக ஏறினேன். இரண்டாவது திருப்பம். நின்றேன். ஒன்றும் வரவில்லை. அழுகை வந்தது. உயிரோடு இருக்கிறேன் என்கிற சந்தோஷத்தில் சாயங்காலம் நேரே பூக்காரியிடம் போனேன்.

"இன்னாக்கா, ஆளே காணோம்? வுட்டுட்டாரா உன்ன?"

"பேயும் இல்ல, ஒண்ணும் இல்ல. ஹார்ட்டு. அடைப்பு இருந்துச்சு, சரி பண்ணிட்டாங்க." எனக்கு வாய் நிற்கவில்லை. எதையோ கண்டுபிடித்துவிட்ட பெருமை. "அந்த மனுஷனுக்கும் அதேதான் இருந்திருக்கும். கன்னத்துல கை வச்சுக்கிட்டுல்ல உட்கார்ந்தாரு? யாரும் அவரப் புடிக்கல, அவரும் யாரையும் புடிக்கல."

அவள் பூக் கட்டுவதை நிறுத்தவில்லை. தலையைத் தூக்காமலே கேட்டாள்.

"ஆஸ்பத்திரிக்கு இட்டுனு போயிருந்தா பொயச்சிருப்பாராக்கா?"

அப்போதுதான் எனக்கு உறைத்தது, கேள்வி எங்கிருந்து வருகிறது என்று.

"எங்கிட்டதான் வந்தாரு முதல்ல. வேர்த்து ஊத்திச்சு. பல்லு வலிம்மா, இன்னா பண்றதுன்னாரு. நான்தான் ஓடிப்போய் கிராம்பு வாங்கியாந்து குடுத்தேன். கடிச்சிகினு மேல காத்தாட உக்காரு சார், பூடும்னு சொன்னேன். சரிம்மான்னு ஏறிப் போனாரு. ஒரு மணி நேரம் உக்காந்துகினு இருந்தாருக்கா. நான் இங்கருந்து பாத்துகினேதான் இருந்தேன்."

"எனக்கும் பல்லு வலின்னுதான் தோணுச்சு," என்றேன். "என் உடம்பு, எனக்கே தெரியல. உனக்கு எப்படித் தெரியும்?"

உண்மையைத்தான் சொன்னேன். அது அவளுக்குப் போதவில்லை. அவளிடம் அந்தப் பேயை விட்டுவைத்திருக்கலாம் என்று நினைத்தேன், நினைத்து என்ன பிரயோஜனம்.

"பேயின்னா கற்பூரம் ஏத்தலாம்," என்றாள். "இதுக்கு இன்னாக்கா பண்றது?"