ஆண் குரல்: குணசேகரன்

செய்தி வந்தபோது நான் கிள்ளான் பாசாரில் மீன்காரரோடு பேரம் பேசிக்கொண்டிருந்தேன். கூப்பிட்டவள் குணசேகரனின் தங்கை விமலா. எங்களுக்கு விவாகரத்தாகி இத்தனை வருஷத்துக்குப் பிறகும் என்னை அண்ணி என்றே அழைப்பவள்.

"அண்ணி, அண்ணன் போயிட்டாரு."

"சாப்பிட்டு முடிச்சிட்டாரான்னு கேளு," என்றேன்.

இரக்கமில்லாதவள் என்று நினைக்காதீர்கள், நினைத்தாலும் பரவாயில்லை. முன்பு ஒருமுறை இதே விமலா "அண்ணனுக்கு நெஞ்சுவலி" என்று அலற, நான் தலைகூட வாராமல் பிரிக்பீல்ட்ஸுக்கு ஓடினேன். மனிதர் வாழையிலை முன்னால் உட்கார்ந்து அப்பளம் நொறுக்கிக்கொண்டிருந்தார். "படத்துல இப்படித்தான் பொண்டாட்டி திரும்பி வருவா," என்றார். அதனால், இந்த முறை விமலா தேம்பித் தேம்பி அழும்வரை நான் நம்பவில்லை.

அவரை அறியாதவர்களுக்குச் சொல்கிறேன். குணசேகரன் பிரிக்பீல்ட்ஸில் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருந்தவர். ஞாயிறு மாலைகளில் கடை மாடியில் பழைய கறுப்பு வெள்ளை ஹாலிவுட் நகைச்சுவைப் படங்கள் போடுவார். கல்யாணத்தன்று ஓடிப்போகும் பணக்காரப் பெண், பிரிந்துபோய் மறுபடி சேரும் புருஷன் பெண்டாட்டி, எல்லாரும் மூச்சுவிடாமல் வாயடிக்கும் படங்கள். சத்தத்தைக் குறைத்துவிட்டு, நடிகர் பேசுவதை அவர் தமிழில் சொல்வார். நடிகை பேசுவதை நான் சொல்வேன். கோர்ட்டில் மொழிபெயர்ப்பாளராக இருந்த எனக்கு அது தண்ணீர் பட்ட பாடு. அப்படித்தான் பழகினோம்.

"அமெரிக்காக்காரன் எப்பவோ எடுத்தது, நமக்கு எதுக்குலா?" என்று ஒருவர் கேட்டதற்கு அவர் சொன்ன பதில் இன்னும் காதில் இருக்கிறது.

"பாஸ், நம்ம படத்துல பொம்பளை வாயடிச்சா கடைசியில அறை வாங்குவா. இதுல வாயடிக்கிறவதான் ஹீரோயின். இன்னொண்ணு, எத்தனை தடவை விழுந்தாலும் இதுல எவனும் சாகமாட்டான்."

மாடியே சிரித்தது. சுபாங் ஜெயாவிலிருந்தெல்லாம் கல்லூரிப் பிள்ளைகள் வந்து, தங்கள் தாத்தா காலத்துப் படத்துக்கு வயிறு வலிக்கச் சிரித்துவிட்டுப் போவார்கள். அவை ஏன் அலுப்பதே இல்லை என்பதற்கு அதைவிடச் சரியான காரணத்தை நான் கேட்டதில்லை. அதை நம்பித்தானே நானும் கழுத்தை நீட்டினேன்!

வீட்டிலும் அப்படியே வாழ்ந்துவிடலாம் என்று நினைத்தார். அதுதான் வினை. கரு கலைந்து நான் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது, கட்டில் பக்கத்தில் நின்றுகொண்டு, "நம்ம சண்டையக் கேட்டுப் பயந்து பிள்ளை திரும்பிப் போயிடுச்சு போல," என்றார். என்னைச் சிரிக்க வைக்கத்தான் சொன்னார். அது எனக்கும் தெரியும்; தெரிந்து என்ன பயன்? எதற்கும் பதில் வைத்திருக்கும் எனக்கு அன்றைக்கு வார்த்தையே வரவில்லை. அவர் சிரித்த முகத்தோடு என் பதிலுக்குக் காத்துக்கொண்டு நின்றார். வீடு திரும்பியதும் துணிமணிகளை எடுத்துக்கொண்டு கிள்ளானுக்கு வந்துவிட்டேன்.

அதன் பிறகு இரண்டு குரலையும் அவரே பேசினாராம். பெண்ணுக்குக் கீச்சுக்குரலாம், கூட்டம் முன்பைவிட அதிகமாகச் சிரித்ததாம். என்னைப் பற்றி யார் கேட்டாலும், "கடைசி ரீல்ல வந்துடுவா," என்பாராம்.

வந்தேன். அவர் வீட்டு ஹாலில், பெட்டிக்குள், மூக்குக்கண்ணாடியோடு படுத்திருந்தார். காஜாங்கிலிருந்து வந்திருந்த அவருடைய சின்னம்மா என்னைப் பார்த்ததும் ஆரம்பித்தார்.

"பொண்டாட்டி வந்துட்டா. தாலி அறுக்காம எப்படித் தூக்குறது?"

"டைவர்ஸ் ஆயிடுச்சு சின்னம்மா," என்றாள் விமலா.

"பேப்பர்லதான்லா. சாமிக்குப் பேப்பர் தெரியுமா?"

"அவங்க கழுத்துல தாலியே இல்லையே!"

"கட்டிட்டு அறுத்தாப் போச்சு."

மஞ்சள் கயிறும் வந்துவிட்டது. அதைச் செத்தவர் விரலில் தொட வைத்து, என் கழுத்தில் கட்டி, உடனே அறுத்துவிடலாமாம். எனக்குச் சிரிப்பு பீறிட்டது. இத்தனை காலம் அவர் காத்திருந்த கடைசி ரீல், அவர் சொன்னபடியே வந்து நிற்கிறது. பார்க்கத்தான் மனிதர் இல்லை. எனக்குப் புத்தி பேதலித்துவிட்டது என்று யாரோ தண்ணீர் கொண்டுவந்தார்கள்.

"ஒரு நிமிஷம்தான் அண்ணி. அண்ணனோட ஆசை," என்று விமலா கையைப் பிடித்தாள்.

"உயிரோட கேட்டப்பவே மாட்டேன்னவ நான்."

சின்னம்மா சாபம் விட்டார். நான் கயிற்றை வாங்கி, பெட்டிக்குள் இருந்தவர் சட்டைப் பையில் வைத்தேன். அப்படியே குனிந்தேன். ஆஸ்பத்திரியில் வராத பதில் அப்போதுதான் வந்தது.

"பிள்ளை பயந்து திரும்பிப் போயிடுச்சுன்னீங்களே. இப்ப நேர்லயே போய் அந்த ஜோக்கைச் சொல்லுங்க. சிரிக்குதான்னு பாருங்க."

சொல்லிவிட்டு, பழக்கதோஷம், அவர் முறைக்காக நிமிராமல் அப்படியே நின்றேன். பெட்டியை மூட வந்த பையன்கள், "ஆன்டி, கொஞ்சம் தள்ளிக்குங்க," என்றார்கள். அவர்கள் இரண்டாம் முறை சொன்ன பிறகும் நின்றேன்.

போய் வாருங்கள், குணசேகரன். அடுத்துப் பேச வேண்டியவர் நீங்கள்தான்.