வளரட்டும் என்று வேண்டியது

என் கணவர் துறைமுகத்தில் கப்பலிலிருந்து கரி இறக்கினார். இராயபுரத்தில் எங்கள் சந்தில் பாதி ஆண்களுக்கு அதுதான் வேலை. அதனால் இருமலை யாரும் நோயாக எண்ணவில்லை. துப்பினால் கறுப்பாகத்தான் வரும். கல்யாணமாகி இரண்டாம் வருஷ மழைக்காலத்தில், அவருக்கு அதில் சிவப்பு கலந்து வந்தது.

ஆஸ்பத்திரியில் அன்றைக்கே எக்ஸ்ரே எடுத்தார்கள். நெஞ்சில் நிழல் இருக்கிறது, ஆனால் கரித்தூள் படிந்தாலும் இப்படித் தெரியும் என்றார் டாக்டர். சளியைக் கண்ணாடியில் தடவி மைக்ராஸ்கோப்பில் பார்த்தார்கள். மறுநாளும் பார்த்தார்கள். கிருமி தென்படவில்லை. இனிமேல் சளியைச் சீசாவில் வைத்து வளர்த்துத்தான் பார்க்க வேண்டுமாம். என் கணவர் வெளியே வந்து சொன்னபோது எனக்கு விளங்கவில்லை.

“இன்னாது வளரணும்?”

“கிருமிதான். வளந்தா டி.பி.யாம். வளரலைன்னா வெறும் கரியாம்.”

“எத்தினி நாளு ஆவும்?”

“ஆறு வாரம். எட்டு கூட ஆவலாமாம்.” லேசாகச் சிரித்தார். “கீரை வெதைச்சா அதுக்குள்ள ரெண்டு தபா அறுத்துடலாம்மே.”

டி.பி.யைக் குணமாக்கும் ஸ்ட்ரெப்டோமைசின் ஊசி அப்போது புதிது. நோய் நிச்சயமானவர்களுக்குக் கொடுக்கவே போதவில்லை என்றார்கள். ஆகவே காத்திருந்தோம். அவர் வேலைக்குப் போய்க்கொண்டுதான் இருந்தார். தட்டையும் லோட்டாவையும் தானாகவே தனியாக எடுத்து வைத்துக்கொண்டார். சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தார். நான் தினமும் அம்மன் கோயிலுக்குப் போய், அந்தச் சீசாவில் ஒன்றும் வளரக்கூடாது என்று வேண்டிக்கொண்டேன்.

பிறகு அவரால் கூடை தூக்க முடியவில்லை. அப்புறம் குழாயடி வரைக்கும்கூட நடக்க முடியவில்லை. பனியன் தோளில் நிற்காமல் நழுவியது. ஒரு நாள் சாயங்காலம் கோயிலில் நின்றபோது, கிருமி வளரட்டும், சீக்கிரம் வளரட்டும் என்று என் வாய் முணுமுணுத்துக்கொண்டிருந்தது. வளர்ந்தால்தானே ஊசி. புருஷனுக்கு டி.பி. இருக்க வேண்டும் என்று கும்பிட்டவள் நான்.

மறுநாளே ஆஸ்பத்திரிக்கு ஓடினேன். சீசாக்களைப் பார்த்துக்கொள்பவர் நல்ல மனிதர். உள்ளே போய்ப் பார்த்துவிட்டு வந்தார்.

“இன்னும் ஒண்ணும் தெரியலம்மா. அது மெதுவாத்தான் வளரும். நாம அவசரப்பட்டு ஒண்ணும் ஆகப்போறதில்ல.”

என் கணவர் நெஞ்சில் மட்டும் அது மெதுவாக வளரவில்லை. அடுத்த வாரம், விடிந்து நான் அடுப்பு மூட்டும்போது, சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தவர் ரத்தமாகக் கக்கினார். நான் தாங்கிப் பிடித்தேன். வண்டி பிடிக்க ஆள் ஓடியது. வண்டி வருவதற்குள் போய்விட்டார்.

காரியம் முடிந்த பிறகு ஆஸ்பத்திரிக்கு வரச்சொல்லி ஆள் வந்தது. போனேன்.

“வளந்துடுச்சும்மா, டி.பி.தான். அவரை அழைச்சுட்டு வாங்க, ஊசி ஆரம்பிச்சுடலாம்,” என்றார் டாக்டர்.

நான் சொன்னேன். அவர் கையிலிருந்த பேனாவைக் கீழே வைத்தார்.

சந்துக்குள் நுழையும்போது, கணவரோடு கரி சுமந்த பக்கத்து வீட்டுக்காரர் வாசலில் உட்கார்ந்து இருமிக்கொண்டிருந்தார். நீங்களும் போய்ப் பார்த்துவிடுங்கள் என்றேன்.

“எத்தினி நாள்ல சொல்வாங்கோ?”

சொன்னேன்.

“அத்தினி நாளு யாரும்மா காத்துகினு இருக்கறது?” என்றவர், கூடையை எடுத்துக்கொண்டு துறைமுகத்துக்குக் கிளம்பினார். கோடை முடிவதற்குள் அவரையும் தூக்கிக்கொண்டு போனார்கள்.