அக்காவின் வயிற்றுப் படம்

எண்பதுகளில் கோலாலம்பூருக்கு ஸ்கேன் எந்திரம் வந்துவிட்ட செய்தி எட்டியபோது, எங்கள் ஆஸ்பத்திரி எக்ஸ்ரே பகுதியில் எல்லோருக்கும் தலைகால் புரியவில்லை. வயிற்றைக் கிழிக்காமலே, நோய் எதுவரை பரவியிருக்கிறது, ஆள் தேறுவாரா என்று சொல்லிவிடுமாம். "ஒங்க அக்கா காலத்துல இது இருந்திருந்தா..." என்று கூட வேலை செய்தவர் ஒருவர் அனுதாபமாக இழுத்தார். நான் எழுந்து டீ குடிக்கப் போய்விட்டேன். அக்கா விஷயத்தில் குறை எந்திரத்தில் இல்லை என்று அவரிடம் எப்படிச் சொல்வது?

எழுபதுகளில் நான் ஈப்போவில் ஓர் ஆஸ்பத்திரியின் இருட்டறை அட்டெண்டன்ட். எக்ஸ்ரே படங்களை மருந்தில் கழுவி, கிளிப்பில் தொங்கவிட்டுக் காயவைப்பது என் வேலை. ஆனால் சுங்கை சிப்புட் பக்கம் எங்கள் ரப்பர் தோட்டத்தில் கேட்டால் நான் பாதி டாக்டர். லயத்து வரிசை வீடுகளில் யாருக்கு இருமல் வந்தாலும், தோட்டத்தில் மருந்து கொடுக்கும் டிரெசர் தந்த மாத்திரையை என்னிடம் காட்டிவிட்டுத்தான் விழுங்குவார்கள். நான் ஒருநாளும் மறுத்துச் சொன்னதில்லை. அந்த மரியாதை எனக்குப் பிடித்திருந்தது.

வயிற்றுப் படங்களில் எனக்குத் தனிக் கர்வம். நோயாளி வெறும் வயிற்றில் பேரியம் என்கிற வெள்ளை மருந்தைக் குடிப்பார். அது இரைப்பைக்குள் இறங்குவதை வரிசையாகப் படம் எடுப்பார்கள். நல்ல வயிறு சுருங்கும், விரியும், படத்துக்குப் படம் வேறு உருவம் காட்டும். புற்று முழுக்கப் பிடித்த வயிறு அசையாது. எல்லாப் படத்திலும் ஒரே குழாய். ஈரம் சொட்டும் படத்தைப் பார்த்தே, "இது வெட்டி எடுக்கலாம், இது திறந்து பார்த்துவிட்டு மூடத்தான்" என்று சொல்லிவிடுவேன். பிறகு ஆபரேஷன் தியேட்டர் அட்டெண்டன்டிடம் போய் விசாரிப்பேன். பெரும்பாலும் நான் சொன்னபடிதான் இருக்கும். அப்போது மனசுக்குள் ஒரு சந்தோஷம் வரும். இன்று நினைத்தால் கூசுகிறது.

அக்கா பால்மரம் வெட்டுகிறவள். அம்மா போன பிறகு என்னை வளர்த்தவள். சாப்பிட்டால் நெஞ்சிலேயே நிற்கிறது என்று மாதக்கணக்கில் சொல்லிக்கொண்டிருந்தாள். கேஸ்ட்ரிக் என்று நானே தீர்மானித்து ஜீரண மருந்து வாங்கிக் கொடுத்தேன். உடம்பு பாதியான பிறகுதான் ஈப்போவுக்கு அழைத்தேன். தம்பி அங்கேயே இருக்கான்லா, பயம் என்னா என்று சொல்லி லயமே அவளை பஸ் ஏற்றிவிட்டது.

பேரியம் டம்ளரை வாங்கி முகர்ந்து பார்த்தாள். "இத்தனை வருசமா மரத்துப் பால வாளியில ஊத்துனேன். இன்னைக்கி என்னையே குடிக்க வச்சிட்டியே தம்பி" என்றாள். படம் எடுக்கிறவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

அவள் படங்களை நானே கழுவினேன். முதல் படத்தில் குழாய். இரண்டாவதிலும் அதே குழாய். கடைசிப் படத்தைத் தொங்கவிட்டபின் கையைக்கூடத் துடைக்காமல் நின்றேன். வேறு யாருடையதாக இருந்தாலும் என் வாய் இந்நேரம் தீர்ப்பு சொல்லியிருக்கும்.

சர்ஜன் வெள்ளைக்காரர். தமிழ் நோயாளி வந்தால் மொழிபெயர்க்க இருட்டறையிலிருந்து என்னைத்தான் கூப்பிடுவார்கள். அன்றும் நான்தான். படங்களை வெளிச்சப் பெட்டியில் வைத்து அவர் நிதானமாகச் சொன்னார். இதை எடுக்க முடியும் என்று தோன்றவில்லை. அப்படியே விட்டால் சில மாதங்கள் நடமாடலாம். திறந்து பார்க்கச் சொன்னால் பார்க்கிறேன், ஆனால் அதன்பிறகு எழுந்திருப்பது சிரமம். நோயாளியே முடிவு செய்யட்டும்.

நான் அக்கா பக்கம் திரும்பினேன்.

"புண்ணு இருக்குக்கா. வெட்டி எடுத்துட்டா சரியாயிடும்."

ஏன் அப்படிச் சொன்னேன்? ஒன்றும் செய்வதற்கில்லை என்று சொல்ல இந்தப் பாதி டாக்டருக்கு வாய் வரவில்லை. என் கணிப்பு இந்த ஒரு முறையாவது பொய்க்கட்டும் என்ற ஆசையும் இருந்தது. அந்த நோயின் பெயரை நோயாளியிடம் சொல்லாத எங்கள் வழக்கம் வேறு வசதியாகப் போயிற்று.

அக்கா உடனே மகளைப் பற்றிப் பேசினாள். சிலிம் ரிவரில் கட்டிக்கொடுத்த ஒரே மகளுக்கு ஏழாம் மாதம். இரண்டு வாரத்தில் வளைகாப்பு. பெற்றவள் கையால் முதல் வளையலைப் போட வேண்டும், கலந்த சோறு வகைவகையாக ஆக்கிக் கொண்டுபோக வேண்டும். "வளையல் போட்டுட்டு வந்து படுத்துக்கிறேன்லா. டாக்டர்கிட்ட கேளு" என்றாள். நான் கேட்கவில்லை. இப்போது விட்டால் ஆபரேஷனுக்கு வேறு தேதி கிடைக்காது என்று ஒரு பொய்யை அடித்துவிட்டேன். எனக்குத் தெரிந்தவர்களிடம் சொல்லி அவள் பெயரை ஆபரேஷன் பட்டியலில் முன்னுக்குத் தள்ளியதும் நான்தான். தான் சொன்னது அக்காவுக்குப் புரிந்ததா என்று சர்ஜன் கேட்டார். புரிந்தது, திறந்து பார்க்கச் சொல்கிறாள் என்றேன். அக்கா மையைத் தொட்டு ஒப்புதல் தாளில் கட்டைவிரலை வைத்தாள்.

திறந்தார்கள், மூடினார்கள். தியேட்டர் அட்டெண்டன்ட் வெளியே வந்து, வழக்கம்போல் என்னைப் பார்த்துத் தலையை ஆட்டினான். நான் கணித்தது சரிதான். அதன்பின் தையல் ஆறவில்லை, காய்ச்சல் விடவில்லை, அக்கா கட்டிலை விட்டு இறங்கவேயில்லை.

வளைகாப்பு மாமியார் கையால் நடந்தது. மறுநாள் மகள் இரண்டு கை நிறையக் கண்ணாடி வளையல்களோடு வார்டுக்கு வந்தாள். அக்கா படுத்தபடியே அந்தக் கைகளைப் பிடித்து, வளையல்களை ஒவ்வொன்றாகத் தள்ளித் தள்ளிப் பார்த்தாள். அழவில்லை. அக்கா வீட்டுக்காரர் மகளைச் சாப்பிட அழைத்துப் போனதும் என் பக்கம் திரும்பினாள்.

"அந்தப் படத்தக் கழுவுனது நீதானே?"

"ஆமாக்கா."

"அப்பவே தெரிஞ்சிருச்சா ஒனக்கு?"

இன்னொரு பொய்க்கு இடமிருந்தது. ஆனால் ஆமென்று தலையசைத்தேன். திட்டுவாள் என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால் இவ்வளவு காலம் கழித்து இதை எழுதிக்கொண்டிருக்க மாட்டேன். அவள் என் சட்டையில் இருட்டறை மருந்து பட்ட கறையை விரலால் தேய்த்துப் பார்த்தாள். போகவில்லை.

"ரெண்டு வாரம்தானே தம்பி கேட்டேன்" என்றாள்.