கண்ணாடியில் வைத்த பொட்டு

"ஏன்டி முத்துப்பேச்சி, கடலை திருடித்தான் பொன்னழகை மில்லை விட்டு வெரட்டுனாங்கன்னு சொல்றியே, நீ பாத்தியா? பாக்காததை எதுக்குடி பேசுற?"

நான் பார்த்தேன். திண்டுக்கல்லில் அந்தக் கடலை மில்லில் சாக்குத் தைத்தவள் நான். பொன்னழகு மில் கடலை ஒன்றைக்கூட வாயில் போடாதவள். நானே நீட்டினாலும், "வேணாம்க்கா, பழகிரும்" என்பாள்.

நாற்பது பெண்கள் உட்கார்ந்து சொத்தை பொறுக்கிய இடத்தில், அறுபத்து நாலாம் வருஷம் சீமையிலிருந்து ஓர் எந்திரம் வந்து இறங்கியது. கடலை ஒவ்வொன்றாக வெளிச்சத்தில் விழும். கண்ணாடிக்குப் பின்னால் இருக்கிற ஏதோ ஒன்று அதைப் பார்க்கும். கறுத்திருந்தால் காற்றை ஊதித் தள்ளிவிடும். முப்பத்தொன்பது பேரை வீட்டுக்கு அனுப்பிவிட்டு, பொன்னழகை மட்டும் வைத்துக்கொண்டார் முதலாளி. தூசி படியப் படியக் கண்ணாடியைத் துடைப்பது அவள் வேலை. அந்த முப்பத்தொன்பதில் முத்துப்பேச்சியும் ஒருத்தி. வயிற்றெரிச்சல் இருக்கத்தான் செய்யும். அதற்காகத் திருடி என்பதா?

ஆயுத பூஜைக்கு முதலாளியின் தாயார் வந்தார். தராசுக்கும் லாரிக்கும் வைத்த கையோடு, எந்திரத்தின் கண்ணாடி மேலேயே சந்தனத்தை அப்பிக் குங்குமம் வைத்தார். மறுநாள் ஓட்டும் முன்னே பொன்னழகு துணியோடு போனாள்.

"அண்ணே, பொட்டைத் தொடச்சாத்தான் இதுக்குக் கறுப்பு தெரியும்."

"நல்ல நாளும் அதுவுமா ஆத்தா வச்ச பொட்டை அழிப்பியா? தன்னால உதிரட்டும், போ புள்ள," என்றார் மேஸ்திரி மலைச்சாமி. என் காதுபடத்தான் சொன்னார்.

உதிர மூன்று நாளாயிற்று. அந்த மூன்று நாள் மூட்டைகளும் தூத்துக்குடி வரை போய்த் திரும்பி வந்தன. பிரித்தால் அத்தனையிலும் சொத்தை.

முதலாளி எல்லோரையும் கூப்பிட்டார். மலைச்சாமி தரையைப் பார்த்தார்.

"தொடைக்க மறந்துட்டேன்னு சொல்லிரு பொன்னழகு. ஆத்தா பேரு கெடக் கூடாது. ஒன் வேலை ஒனக்குத்தான்," என்றார் முதலாளி.

அவள் கூலியில்தான் வீட்டில் மூன்று பேருக்குச் சோறு.

"மறக்கலையே, மொதலாளி. மேஸ்திரி அண்ணன்தான் வேணாம்னாரு. சாக்குத் தைக்கிற அக்காகிட்டக் கேளுங்க."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் கோணூசியில் நூல் கோத்துக்கொண்டிருந்தேன். கோத்துக்கொண்டே இருந்தேன்.

அவள் துடைக்கிற துணியை நாலாக மடித்து எந்திரத்தின் மேல் வைத்தாள். பிறகு யாரும் சொல்லாமலே, மில் கதவைத் தானே திறந்து, உச்சி வெயிலில் இறங்கி நடந்தாள்.