மிதுனா மைக் வாங்கின சாமத்தியவீடு

மிதுனாவைப் பற்றி ஆரும் கேட்டால் நான் முதல் சொல்லுறது, அவள் பெரிய வாய்க்காரி. உடனேயே என்ரை மருமகள் எண்டும் சொல்லுவன், பிறகு நீங்கள் அவளைப் பற்றிக் குறை கதைக்கக் கூடாதெல்லோ. அவளின்ரை தாய் உதயகுமாரி என்ரை மனுசனின்ரை தங்கச்சி. நோர்வேயிலை, ஒஸ்லோவுக்குள்ளைதான் ரெண்டு வீடும்: அவை ஹவுகெட்டோவிலை, நாங்கள் பியோர்ண்டாலிலை. கோபம் வந்தால் பஸ் ஏறிப் போய் நேரிலை ஏசிப்போட்டு வரலாம். எத்தினையோ தரம் போயிருக்கிறன்.

மிதுனா ஒஸ்லோவிலைதான் பிறந்தவள். சின்னனிலை பார்னஹாகெ எண்ட பாலர் பள்ளியிலை விட்ட காலம், சாப்பாட்டுப் பெட்டியைத் திறந்துபோட்டு, "ஏன் எனக்கு மட்டும் புட்டு?" எண்டு கேட்டு அழுதவள். அடுத்தநாள் தாய் பாணும் பழுப்புச் சீஸும் வைச்சு விட, "ஏன் புட்டு வைக்கேல்லை?" எண்டு பின்னேரம் வந்து சண்டை. இதுதான் பிள்ளை. தகப்பன் வரதராசா வாய் திறக்காத மனுசன். அவரின்ரை பங்கையும் சேர்த்து இவளே கதைச்சுத் தீர்த்தாள்.

பதினாலு வயசிலை பெரியபிள்ளையானாள். நவம்பர் மாசம், பள்ளிக்கூடத்திலை கால்பந்து விளையாடிக்கொண்டு நிண்ட இடத்திலை. உதயா எனக்குத்தான் முதல் ரெலிபோன் அடிச்சவள். நான் மாமியெல்லோ, தலையிலை முதல் தண்ணி நான்தான் வாக்கோணும். வேலையாலை ஓடிப் போய் வாத்தன். முட்டையும் நல்லெண்ணெயும் குடிக்கக் குடுத்தம். மூஞ்சையைச் சுழிச்சுச் சுழிச்சுக் குடிச்சாள். அவள் கட்டிலிலை சுருண்டு கிடக்க, நானும் தாயும் குசினியிலை இருந்து சாமத்தியவீடு செய்ய ஹோல் எப்ப எடுக்கலாம், கனடாவாலை ஆர் ஆர் வருவினம் எண்டு கதைச்சுக்கொண்டிருந்தம். இஞ்சை எங்கடை ஆக்களுக்கு அப்பிடித்தான். பிள்ளைக்கு வாற நேரம் ஒண்டு, ஹோல் கிடைக்கிற நேரம் இன்னொண்டு. ஓகஸ்ட் மாசம்தான் கிடைச்சது.

இதுக்கிடையிலை மிதுனாவின்ரை சிநேகிதி ஜூலியாவுக்குப் பதினைஞ்சு வயசு வந்தது. ஜூலியாவின்ரை தாய் அமெரிக்காவிலை பிறந்து வளர்ந்த மெக்சிக்கோக்காரி. அவையிட்டையும் பெட்டையளுக்குப் பதினைஞ்சு முடிய ஒரு பெரிய விழா இருக்காம். எங்கடையைப் போலத்தான், குடை மாதிரிச் சட்டை, தலையிலை கிரீடம், சொந்தக்காரர், சாப்பாடு. மிதுனா போய்ப் பார்த்துப்போட்டு வந்து சொன்னாள்: "மாமி, ஜூலியா தகப்பனோடை ஆடினவள். பிறகு எழும்பி நிண்டு கதைச்சவள். தான் ஆர், தனக்கு இனி என்ன வேணும் எண்டு எல்லாருக்கும் முன்னாலை கதைச்சவள்."

"நல்லம்தானே," எண்டன்.

"நானும் கதைக்கப்போறன்."

எனக்குப் பொல்லாத சிரிப்பு. எங்கடை சாமத்தியவீட்டிலை பிள்ளை பல்லக்கிலை வரும், குனிஞ்ச தலை நிமிராமல் கதிரையிலை இருக்கும், நாங்கள் ஆலாத்தி எடுப்பம், வீடியோக்காரன் சிரி எண்டால் சிரிக்கும். அதின்ரை கையிலை மைக் குடுக்கிறதை ஆரும் கண்டிருக்கிறமோ?

உதயா இன்னொரு வேலையும் பார்த்து வைச்சிருந்தாள். மிதுனாவின்ரை வகுப்பையும் வகுப்பு ரீச்சர் துரூடெயையும் கூப்பிட்டவள். வீடியோவிலை நாலு வெள்ளை முகம் இருந்தால் எங்கடை ஆக்களுக்கு ஒரு புழுகம், ஒரு பெருமை. "என்ன விழா?" எண்டு ரீச்சர் கேட்க, உதயா "தமிழ் கொன்பிர்மாஷூன்" எண்டு சொல்லிப்போட்டாள். நோர்வேக்காரப் பிள்ளையளுக்குப் பதினைஞ்சு வயசிலை தேவாலயத்திலை செய்யிற சடங்கு அது. மிதுனாவின்ரை வகுப்பிலை கனபேர் அந்த வருசம்தான் செய்தவை. பிறகென்ன, துரூடெக்கு எல்லாம் விளங்கின மாதிரிப் போச்சுது.

மிதுனாவுக்கு இது தெரிய வர வீடு ரெண்டுபட்டது. நானும் நிண்டனான்.

"அம்மா, ஏன் பொய் சொன்னனீங்கள்? வாறவைக்கு இது என்னத்துக்கு எண்டு தெரியவேணும். இல்லாட்டி நான் மேடையிலை ஏறமாட்டன். ஏறினால் நான் கதைக்கோணும்."

"சனம் சிரிக்கும். வாயை மூடிக்கொண்டு இரு."

"இது என்ரை உடம்பம்மா. என்னை ஆர் கேட்டது?"

அப்பதான் உதயா வெடிச்சாள். "எனக்கு ஆர் செய்தது? தொண்ணூற்றி அஞ்சிலை யாழ்ப்பாணத்தாலை எல்லாரும் இடம்பெயர்ந்து நடந்த நேரம். ரோட்டிலை மழைக்குள்ளை எனக்கு வந்தது. ஒரு பள்ளிக்கூட மேசைக்குக் கீழை மூண்டு நாள் கிடந்தனான். தண்ணி வாக்க ஒரு மாமி இல்லை. ஒருத்தரும் திரும்பிப் பார்க்கேல்லை. என்ரை பிள்ளைக்கு நான் செய்வன். முந்நூறு பேரைக் கூப்பிட்டுத்தான் செய்வன்!"

இருபது வருசப் பழக்கம், எனக்கே இந்தக் கதை தெரியாது. மிதுனா அறைக்குள்ளை போனாள். பிறகு வந்து, "சரி, இருக்கிறன்," எண்டாள். கதைக்கிறதைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. அந்த வாய்க்காரி அப்பிடி அடங்கினது எனக்குப் பாவமாயும் இருந்தது, நிம்மதியாயும் இருந்தது.

விழா எண்டால் விழாதான். பிள்ளை தங்க விக்கிரகம் மாதிரி இருந்தாள், என்ரை கண்ணே பட்டிருக்கும். ஆலாத்தி எல்லாம் முடிய, எங்கடை அறிவிப்பாளர் கிளெமென்ற் சாப்பாட்டுக்குக் கூப்பிட வாய் எடுக்க, துரூடெ எழும்பினா. அவையின்ரை கொன்பிர்மாஷூனிலை பெரியாக்கள் எழும்பிப் பேசுவினம். அதுதான் முறை. கரண்டியாலை கோப்பையைத் தட்டிப் பார்த்தா. பிளாஸ்ரிக் கோப்பை, சத்தம் எங்கை வரும்? கிளெமென்ற் பாய்ஞ்சோடிப் போய் மைக்கைக் குடுத்தார். அவ நாலு நல்ல வார்த்தை சொன்னா. சொல்லிப்போட்டு மேடையைப் பார்த்து, "இனி முறைப்படி மிதுனா நன்றி சொல்லிப் பேசுவாள்," எண்டு சொல்லிப்போட்டாவே!

ஐயோ கடவுளே எண்டு நெஞ்சிலை கை வைச்சன். உதயா கிளெமென்றுக்குக் கண்ணைக் காட்டுறாள், வேண்டாம் வேண்டாம் எண்டு. வெள்ளைக்காரி கேட்டு இல்லை எண்டு சொல்ல எங்கடை ஆக்களுக்கு எங்கை வாய் வரும்? அவர் மைக்கைக் கொண்டு போய்ப் பிள்ளையின்ரை கையிலை வைச்சார்.

மிதுனா எழும்பினாள். முதல் நோர்வேஜிய மொழியிலை வகுப்புப் பிள்ளையளைப் பார்த்துச் சொன்னாள்: "இது கொன்பிர்மாஷூன் இல்லை. எனக்கு மாதவிடாய் வந்ததுக்குத்தான் இவ்வளவு பேரும் வந்திருக்கினம்." பொடியங்கள் முதல் குடுத்த ரோல்ஸைக் கடிச்சபடி அப்பிடியே நிண்டுட்டாங்கள். ஜூலியா மட்டும் கை தட்டினாள்.

பிறகு தமிழிலை. "எனக்கு இந்தச் சீலை பிடிச்சிருக்கு, நகை பிடிச்சிருக்கு. பிடிக்கேல்லை எண்டு பொய் சொல்லமாட்டன். ஆனால் அண்டைக்கு எனக்குச் சரியான வயித்துக்குத்து, பயம். எல்லாரும் ஹோலைப் பற்றிக் கதைச்சியள். உனக்கு நோகுதோ எண்டு ஒருத்தரும் கேட்கேல்லை. இது அம்மாவுக்கு நடக்காத விழா. அம்மாவுக்காகத்தான் நான் இருந்தனான். இனி எனக்கு வேண்டியதை நான்தான் சொல்லுவன்."

உதயா மேடையிலை ஏறினாள். அடிக்கப்போறாளோ எண்டு நான் பின்னாலை ஓடினன். அவள் மைக்கை வாங்கி, "சாப்பாடு ஆறப்போகுது, எல்லாரும் சாப்பிடுங்கோ," எண்டாள். அவ்வளவுதான். கன மாசம் தாயும் மகளும் தேவைக்கு மட்டும் கதைச்சவை. எங்கடை சனம் ஒரு வருசம் இதையே வைச்சு மென்றது. நானும் மென்றனான், ஏன் மறைப்பான்.

இப்ப மிதுனா துரொண்ட்ஹெய்மிலை பாலம் கட்டுற படிப்புப் படிக்கிறாள். அங்கை ஜூலியாவோடை ஒரே வீட்டிலை இருக்கிறாள். கிழமைக்கு ஒருக்கா எனக்கு அடிச்சு, புட்டுக்குத் தண்ணி எவ்வளவு எண்டு கேட்டுப்போட்டு, நான் சொல்லுறதைப் பிழை எண்டும் சொல்லுவாள். கலியாணத்தைப் பற்றி வாய் திறந்தன் எண்டால் ரெலிபோனை வைச்சிடுவாள்.

போன வருசம் அவளின்ரை தங்கச்சி வர்சா எங்கடை வீட்டுக்கு வந்தவள். போறபோக்கிலை சொல்லுறாள், தான் பெரியபிள்ளையாகி நாலு மாசமாம். எனக்கு மேலெல்லாம் பத்தினது. மாமி நான் உயிரோடை இருக்கிறன், தண்ணி வாக்க என்னைக் கூப்பிடேல்லையே! உடனே உதயாவுக்கு அடிச்சன். வாயிலை வந்ததெல்லாம் ஏசினன். நான் ஏசி முடியத்தான் அவள் சொன்னாள்:

"பிள்ளையிட்டைக் கேட்டனான் மச்சாள். ஒருத்தருக்கும் சொல்லாதேங்கோ எண்டவள்."

"ஓகோ! உன்னையும் என்னையும் ஆரும் கேட்டவையோ?"

"இல்லை மச்சாள். அதுதான் கேட்டனான்."

வர்சா சோபாவிலை இருந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். ரெலிபோனை வைச்சுப்போட்டு, "இப்பவும் நோகுதோ, பிள்ளை?" எண்டு கேட்டன்.